பெட்டியில எழுதியிருக்கிற இலக்கம்

யாழ்ப்பாணத்திலயோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலயோ ஒரு கொம்பியூட்டர் கடைக்குள்ள போய் கிராபிக்ஸ் கார்ட் இருக்கா என்று கேட்டுப் பாருங்கள். "வி.ஜி.ஏ தானே, எத்தினை ஜிபி?" என்றுதான் பதில் வரும். பில்லிலயும் அப்படித்தான் எழுதுவினம். வி.ஜி.ஏ என்பது 1987இல் ஐ.பி.எம் கம்பனி தன்னுடைய பி.எஸ்/2 கணினிகளோடு வெளியிட்ட ஒரு காட்சித் தரத்தின் பெயர். 640க்கு 480 புள்ளிகள், அதில 16 நிறங்கள், அவ்வளவுதான். இண்டைக்கு விக்கிற புதுக் கார்ட்களில அந்த நீல நிற வி.ஜி.ஏ துளையே இல்லை. பொருள் போய் கனகாலம். பெயர் மட்டும் எங்கட கடைகளில இன்னும் உயிரோட இருக்கு.

இந்தப் பெயர் விசயத்தைப் பற்றித்தான் எழுதப் போறம். காரணம் இருக்கு. கலைப்பீடத்தில படிக்கிற எங்கள் நாலு பேருக்கும் பொதுவா ஒரு கொம்பியூட்டர் இருக்கு. பகலில அதில வாய்மொழி வரலாற்று நேர்காணல்களை வெட்டி ஒட்டுறம், இரவில கேம் விளையாடுறம். (சில நாளில பகலிலயும்.) உள்ளுக்குள்ள இருக்கிறது 2014இல வந்த ஜி.டி.எக்ஸ் 750 டி.ஐ, 2 ஜிபி. நல்லா உழைச்ச கார்ட், ஆனால் இனி ஏலாது என்று சொல்லுது. மகாபொலக் காசில மிச்சம் பிடிச்சு நாலு பேரும் சேர்த்த தொகை ஒரு கார்ட்டுக்குத்தான் காணும். பிழையான கார்ட் வந்தால் அடுத்தது பட்டம் முடிச்சு வேலை கிடைச்ச பிறகுதான். அது எப்ப என்று கலைப்பீட மாணவர்களிட்ட கேக்காதேங்கோ.

முதலில எல்லாரும் செய்யிறதைத்தான் நாங்களும் செய்தம். பெயர்களை வரிசையா எழுதி, எது பெரிய இலக்கம் என்று பார்த்தம். பிறகுதான் வகுப்பில படிச்சது ஞாபகம் வந்தது. ஒரு மூலாதாரம் கையில கிடைச்சால், அதில என்ன எழுதியிருக்கு என்பதுக்கு முதல் யார் எழுதினது, எப்ப எழுதினது, யாரை நம்ப வைக்க எழுதினது என்று கேக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் படிப்பிச்சவை. கார்ட்டின் பெயரும் ஒரு மூலாதாரம்தான். எழுதினது விக்கிற ஆள்.

இந்த வரலாறு தொடங்கினபோது பெயர் ஒரு பெரிய பிரச்சினையா இருக்கேல்லை. 1996இல 3டிஎஃப்எக்ஸ் என்ற கலிபோர்னியாக் கம்பனியின் வூடூ சிப் வந்தது. அந்தக் கார்ட்டால் சாதாரண திரையைக் காட்டவே ஏலாது. 3டி படத்தை மட்டும் வரையும். அதனால கணினிக்குள்ள வேற ஒரு சாதாரண கார்ட் கட்டாயம் வேணும். அதிலிருந்து ஒரு கேபிள் வூடூவுக்கு வரும், வூடூவிலிருந்து இன்னொரு கேபிள் மொனிட்டருக்குப் போகும். கேம் தொடங்கினதும் வூடூ திரையைப் பறிச்செடுக்கும், முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கும். 1997 தொடக்கத்தில குவேக் கேமுக்கு 3டி கார்ட்டில ஓடுற பதிப்பு வந்தபோது, அதைப் பார்த்தவைக்கு வேற விளம்பரம் தேவைப்படேல்லை. (எங்கட ஊர்களில அந்தக் காலம் மின்சாரமே ஒழுங்கா இல்லாத காலம். அதனால இது எங்கட அண்ணாமாரின் நினைவு இல்லை, நாங்கள் வாசிச்சு அறிஞ்ச வரலாறு.)

அப்ப வாங்குகிறவருக்கு இருந்த கேள்வி ஒண்டுதான்: நான் விளையாட விரும்புற கேம் இதில ஓடுமா? 3டிஎஃப்எக்ஸ் தனக்கென்று கிளைட் என்ற ஒரு மொழியை வைச்சிருந்தது. அதில மட்டும் எழுதின கேம் அந்தக் கார்ட்டில மட்டும்தான் வேகமா ஓடும். 1995இல வந்த என்விடியாவின் முதல் சிப், என்.வி1, படங்களை முக்கோணங்களால் கட்டாமல் வளைந்த பரப்புகளால் கட்டினது. மைக்ரோசொப்ட் தன்னுடைய டைரக்ட்3டியை முக்கோணத்தில் கட்டினவுடன் அந்தச் சிப்பின் கதை முடிஞ்சுது. என்விடியாவே முடிஞ்சிருக்க வேண்டியது, சேகா கம்பனி போட்ட 5 மில்லியன் டொலர்தான் காப்பாத்தினது. எஸ்3 விர்ஜ் என்று இன்னொரு சிப் 3டி முடுக்கி என்று விக்கப்பட்டது. அதைப் போட்டால் சில கேம்கள் போடாததை விட மெதுவா ஓடினது, அதால பெடியள் அதுக்கு 3டி வேகத்தடை என்ற மாதிரிப் பட்டப்பெயர் வைச்சினம். பொய் அப்பவும் இருந்தது. ஆனால் கேமைப் போட்டவுடன் பிடிபட்டது.

3டிஎஃப்எக்ஸ் விழுந்த கதை வேற கட்டுரைக்கு உரியது. சுருக்கமா சொன்னால், எஸ்.டி.பி என்ற கார்ட் தயாரிப்பாளரை வாங்கி, தானே கார்ட் விக்கத் தொடங்கினது. அதுவரை அதின்ர சிப்பை வாங்கின மற்றக் கார்ட் கம்பனிகள் என்விடியா பக்கம் திரும்பிச்சினம். 2000 டிசம்பரில அதின்ர சொத்தில பெரும்பகுதியை என்விடியாவே வாங்கிக்கொண்டது.

இதுக்கு முதல் வருசம், 1999 ஒக்டோபரில, என்விடியா ஜிஃபோர்ஸ் 256ஐ உலகின் முதல் ஜி.பி.யு என்று சொல்லி விட்டது. ஜி.பி.யு என்ற சொல்லை சோனி தன்னுடைய முதல் பிளேஸ்டேஷனுக்கு 1994இலயே பாவிச்சது. ஆனாலும் இண்டைக்குப் பாடப்புத்தக மொழி மாதிரி நாங்கள் எல்லாரும் ஜி.பி.யு என்றுதான் கதைக்கிறம். விளம்பரச் சொல் ஒண்டு கலைச்சொல்லா மாறுறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கேல்லை.

பெயரே ஆளை ஏமாத்தத் தொடங்கினது 2002இல. எங்களைப் பொறுத்தவரை முழு வரலாற்றிலயும் இதுதான் படிக்க வேண்டிய இடம்.

2001இல வந்த ஜிஃபோர்ஸ் 3இல ஒரு புது வசதி இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலயும் ஒளி எப்படி விழ வேணும், தண்ணி எப்படி மினுங்க வேணும் என்று கேம் எழுதுகிறவர் தானே சின்னச் சின்ன நிரல்கள் எழுதிக் கார்ட்டுக்குக் குடுக்கலாம். ஷேடர் என்று சொல்லுறது அதைத்தான். அதுக்குப் பிறகு வந்த கேம்களின் தோற்றம் முழுக்க அதில் நிக்குது. 2002இல ஜிஃபோர்ஸ் 4 வந்தது. அதில இரண்டு வகை: டி.ஐ என்று தொடங்கிறது, எம்.எக்ஸ் என்று தொடங்கிறது. டி.ஐ உண்மையிலயே ஜிஃபோர்ஸ் 3இன் அடுத்த படி. எம்.எக்ஸ் 420, 440, 460 எல்லாம் உள்ளுக்குள்ள ஜிஃபோர்ஸ் 2இன் சொந்தக்காரர். அந்தப் பிக்சல் ஷேடர் வசதி அதில இல்லை. அதாவது 4 என்று எழுதின பெட்டிக்குள்ள 3ஐ விடப் பழசு. குவேக்கை எழுதின ஜோன் கார்மாக் இந்தப் பெயரை வெளிப்படையாவே எதிர்த்தார். ஆனால் எம்.எக்ஸ் மலிவு, கணினியோட பூட்டி விக்க வசதி, அதனால அள்ளு கொள்ளையா விலைப்பட்டது.

இதின்ர விளைவு உடனே தெரியேல்லை என்பதுதான் முக்கியம். 2002இல வாங்கின ஆளுக்கு எல்லாக் கேமும் ஓடினது. 2003இல பிரின்ஸ் ஒஃப் பேர்சியா: த சாண்ட்ஸ் ஒஃப் டைம் வந்தது. அதுக்குக் குறைஞ்சது ஜிஃபோர்ஸ் 3 வேணும், ஜிஃபோர்ஸ் 4 எம்.எக்ஸ் சரிவராது. அந்த வரியை முதல்தரம் வாசிக்கிற ஆளை நினைச்சுப் பாருங்கள். 3 காணும், 4 காணாது. அவர் தன்ர ஆங்கிலத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்.

சரி, பெயரை விட்டுட்டு வேகத்தை அளந்து பார்ப்பம் என்றால், அங்கயும் கதை இருக்கு. 2001இல ஏ.டி.ஐயின் ரேடியன் 8500 கார்ட் குவேக் 3இல நல்ல வேகம் காட்டினது. ஒரு விமர்சனத் தளம் கேமின் கோப்பில் இருந்த குவேக் என்ற பெயரை எல்லாம் குவாக் என்று மாத்திப் போட்டு ஓட்டிப் பார்த்தது. வேகம் குறைஞ்சுது, படம் தெளிவானது. டிரைவர் கேமின் பெயரைப் பார்த்து, அந்தக் கேமுக்கு மட்டும் படத்தின் தரத்தைக் குறைச்சு வேகம் காட்டியிருக்கு. 2003இல என்விடியாவின் முறை. 3டிமார்க்03 என்ற சோதனையில கமரா எப்பவும் ஒரே பாதையிலதான் போகும். அந்தப் பாதையில கண்ணில படாத இடங்களை வரையாமல் விடுற மாதிரி டிரைவரை எழுதியிருந்தவை. சோதனையைத் தயாரித்த கம்பனி முதலில் அதை மோசடி என்று அறிக்கை விட்டது. கொஞ்ச நாளில இரண்டு கம்பனியும் சேர்ந்து அந்தச் சொல்லை மென்மையான ஒரு சொல்லா மாத்திக்கொண்டன. அறிக்கைகள் எப்படித் திருத்தி எழுதப்படும் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லைத்தானே.

இதுக்குப் பிறகு பெயர் மாற்றம் வழக்கமாப் போச்சு. 2007இல ஜிஃபோர்ஸ் 8800 ஜி.டியோட வந்த ஜி92 என்ற சிப், அடுத்த வருசம் 9800 என்ற பெயரில வந்தது, 2009இல ஜி.டி.எஸ் 250 என்றும் வந்தது. கடைசியா வந்ததில சிப்பைக் கொஞ்சம் சிறுப்பிச்சிருந்தவை, மற்றும்படி ஆள் அதேதான். 2006இல ஏ.டி.ஐயை வாங்கின ஏ.எம்.டியும் சளைச்சதில்லை. 2012 தொடக்கத்தில கடைக்கு வந்த எச்.டி 7970இன் சிப்பை 2013இல ஆர்9 280எக்ஸ் என்று திரும்பி விட்டது. இதில ஒரு நியாயம் சொல்லலாம்: பழைய சிப்பா இருந்தாலும் விலை இறங்கியிருந்தது. வாங்கினவருக்குப் பெரிய நட்டமில்லை, ஏற்கனவே அதையே வைச்சிருந்த ஆள் மேம்படுத்துறன் என்று வாங்காத வரைக்கும்.

எங்கட தலைமுறைக்குக் கிட்டின கதை ஜி.டி.எக்ஸ் 970. 2014 செப்டெம்பரில வந்தது, 4 ஜிபி நினைவகம். சில மாதத்தில பாவிக்கிறவை ஒரு விசயத்தைக் கவனிச்சினம். நினைவகம் 3.5 ஜிபி தாண்டினவுடன் கார்ட் தடுமாறுது. 2015 ஜனவரியில உண்மை வெளியில வந்தது. கடைசி அரை ஜிபி மற்ற 3.5ஐ விட மிக மெதுவான ஒரு வழியாலதான் இணைக்கப்பட்டிருந்தது. விமர்சகர்களுக்குக் குடுத்த தொழில்நுட்பத் தாளில இருந்த வேற சில எண்களும் பிழை. கம்பனிக்குள்ள பொறியியலாளர்களுக்கும் விளம்பரப் பகுதிக்கும் இடையில தகவல் போய்ச் சேரேல்லை என்று விளக்கம் வந்தது. 2016இல வழக்கு இணக்கத்துக்கு வந்து, அமெரிக்காவில வாங்கினவர்களுக்கு ஒரு கார்ட்டுக்கு 30 டொலர் என்று முடிஞ்சுது.

இதில எங்களுக்குள்ள பெரிய விவாதம். எங்களில ஒருத்தர் 970 ஒரு மோசடி, அவ்வளவுதான் என்றார். மற்ற மூண்டு பேருக்கும் அப்படிப் படேல்லை. அந்த விலைக்கு அது அந்தக் காலத்தின் மிக நல்ல கார்ட்களில ஒண்டு, கனபேர் வருசக்கணக்கா சந்தோசமா விளையாடினவை. பொய் சொல்லி விக்கப்பட்ட கார்ட் எல்லாம் கெட்ட கார்ட் இல்லை. ஆனால் அது நல்ல கார்ட் என்பதை பெட்டியைப் பார்த்து ஒருத்தரும் சொல்லியிருக்க ஏலாது.

2016இல ஜி.டி.எக்ஸ் 1060 இரண்டு விதமா வந்தது, 3 ஜிபி, 6 ஜிபி. வித்தியாசம் நினைவகம் மட்டும் என்றுதான் பெயரைப் பார்த்தால் விளங்கும். உண்மையில 6 ஜிபியில 1280 கோர், 3 ஜிபியில 1152. 2018இல ஜி.டி 1030ஐ மலிவான டி.டி.ஆர்4 நினைவகத்தோட அதே பெயரிலயே விட்டினம், நினைவக வேகம் செக்கனுக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபி அளவுக்கு விழுந்தது. பெயரில ஒரு எழுத்துக்கூட மாறேல்லை. அதே வருசம் சீனச் சந்தைக்கென்று ஆர்.எக்ஸ் 580 2048எஸ்.பி என்று ஒண்டு வந்தது. முழு 580இல 2304 கோர், இதில 2048. அந்தக் கடைசி நாலு இலக்கத்தை விட்டிட்டு ஆர்.எக்ஸ் 580 என்று மட்டும் போட்டு இணையத்தில விக்கிற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம்.

ஒரே ஒருமுறைதான் கம்பனி பின்வாங்கினது. 2022 செப்டெம்பரில என்விடியா ஆர்.டி.எக்ஸ் 4080 என்று இரண்டு கார்ட்களை அறிவிச்சது. 16 ஜிபியில 9728 கோர், 12 ஜிபியில 7680. 12 ஜிபிக்கு 899 டொலர். விமர்சகர்களும் பாவனையாளர்களும் கிழிச்சுத் தொங்கவிட, ஒக்டோபர் 14ஆம் திகதி அந்த 12 ஜிபியை வெளியீட்டுக்கு முதலே திருப்பி எடுத்தவை. அடுத்த ஜனவரியில அதே கார்ட் 4070 டி.ஐ என்ற பெயரில 799 டொலருக்கு வந்தது. பெயர் ஒண்டின் விலை 100 டொலர் என்று நாங்கள் இதிலிருந்து கணக்குப் பார்த்தம்.

இவ்வளவும் ஏன் நடக்குது என்று கேட்டால், கேம் விளையாடுறவை இந்தச் சந்தையில இப்ப யார் என்று பார்க்க வேணும். வூடூ காலத்தில அவைதான் ஒரே வாடிக்கையாளர். 2006 நவம்பரில வந்த 8800 ஜி.டி.எக்ஸும், அடுத்த வருசம் வந்த கூடா என்ற மென்பொருள் தளமும் அதே சிப்பைக் கணக்குச் செய்யிற இயந்திரமாவும் ஆக்கினது. பிறகு 2017இலயும் 2021இலயும் கிரிப்டோ மைனிங்காரர் கடையைத் துடைச்செடுத்தினம். இப்ப செயற்கை நுண்ணறிவு. என்விடியாவின் 2025 நிதியாண்டில தரவு மையங்களிலிருந்து வந்த வருமானம் 115 பில்லியன் டொலர், கேமிங்கிலிருந்து 11 பில்லியன் அளவு. 2016இல ஏ.எம்.டியின் ஆர்.எக்ஸ் 480, 8 ஜிபியோட 239 டொலருக்கு வந்தது. 2025இல ஆர்.டி.எக்ஸ் 5060, அதே 8 ஜிபியோட 299 டொலர். ஒன்பது வருசம். நினைவகம் கூடின மலிவுக் கார்ட்டை விட்டால், பெரிய விலைக்கு விக்கிற கார்ட்டின் வேலையை அது செய்திடும் என்பதும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறம்.

எங்கட நாட்டில இதுக்கு மேல இன்னொண்டு சேர்ந்தது. 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் மைனிங் முறையைக் கைவிட்டது, உலகம் முழுக்க மைனிங் கார்ட்கள் சந்தைக்கு வந்து கொட்டுப்பட்டன. ஆனால் அந்த வருசம் மார்ச் தொடக்கத்தில 200 ரூபா அளவில நிண்ட டொலர் மே மாதம் 360 ரூபா அளவுக்குப் போயிருந்தது. அங்க டொலர் விலை இறங்கினாலும் இங்க ரூபா விலை இறங்க வழியில்லை. மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, கார்ட் இருந்தவைக்கும் பிரியோசனமில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அதனால எங்களை மாதிரி ஆக்களுக்குப் பாவிச்ச கார்ட்தான் வழி. பாவிச்ச கார்ட் என்றால் அதுக்குள்ள மைனிங் கார்ட்டும் இருக்கும்.

மைனிங் கார்ட் என்றவுடன் பயந்து ஓட வேணும் என்று நாங்கள் சொல்ல மாட்டம். மைனிங்காரர் மின்சாரச் செலவைக் குறைக்கச் சிப்பின் வலுவைக் குறைச்சு ஓட்டினவை, சிப் பெரும்பாலும் தப்பும். தேயிறது காத்தாடி, காயிறது நினைவகத்தில ஒட்டியிருக்கிற வெப்பப் பட்டி. பழைய 470, 570, 580 கார்ட்களில பயோஸை மாத்தி எழுதியிருப்பினம், அதைத் திருப்பி எழுதாமல் வித்தால் கேமில திரை கறுக்கும்.

இப்படி எல்லாத்தையும் வாசிச்ச பிறகு எங்கட வரிசை சுருங்கினது. 2022இல வந்த ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி முதலில போச்சு. அது மதர்போர்ட்டோட கதைக்கிறதுக்கு நாலு பாதை மட்டும்தான் வைச்சிருக்கு. எங்கட பழைய பி.சி.ஐ.ஈ 3.0 போர்ட்டில பாதி வேகத்துப் பாதை என்பதால அந்த நாலும் காணாது. வீடியோவைச் சுருக்கி எழுதுற வன்பொருளும் அதில இல்லை, நேர்காணல் வேலைக்கு அது தேவை. மிஞ்சினது இரண்டு: 8 ஜிபி ஆர்.எக்ஸ் 6600, 12 ஜிபி ஆர்.டி.எக்ஸ் 3060. முதலாவது 132 வாட், எங்கட பவர் சப்ளை தாங்கும். இரண்டாவது 170 வாட், புது பவர் சப்ளையும் வாங்க வேணும். கேம் மட்டும் என்றால் 6600 என்று முடிச்சிருப்பம். வீடியோ எடிட்டிங்குக்கு 12 ஜிபி பெரிய உதவி, எங்கட மென்பொருளும் என்விடியாவோடதான் நல்லா ஒத்துப்போகுது. மூண்டுக்கு ஒண்டு வாக்கில 3060 வெண்டது. பவர் சப்ளையை அடுத்த மாதக் காசில வாங்குறதா ஒப்பந்தம்.

ஆனால் 3060இலயும் இரண்டு இருக்கு. 2021இல வந்தது 12 ஜிபி. 2022இல அதே பெயரில 8 ஜிபி ஒண்டு வந்தது. இரண்டிலயும் கோர் எண்ணிக்கை 3584தான், அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. நினைவகப் பாதை ஒண்டில 192 பிட், மற்றதில 128 பிட். வேகம் ஒண்டில செக்கனுக்கு 360 ஜிபி, மற்றதில 240. ஜி.பி.யு-இஸட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இந்த எண்கள் ஒரு பக்கத்தில வரும். பெட்டியைப் பார்க்க முதல் அதைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேக்கப் போறம். பிறகு அரை மணித்தியாலம் ஒரு கேமை ஓட்டிக் காத்தாடிச் சத்தத்தையும் வெப்பத்தையும் பார்க்கிறது. விக்கிற அண்ணாவிட்ட போனில கேட்டம், சரி வாங்கோ என்றார்.

192 பிட், 12288 எம்.பி, 360 என்று ஒரு துண்டில எழுதி வைச்சிருக்கிறம். வெள்ளிக்கிழமை விரிவுரை முடியப் போறம்.